கருப்புப் பை இல்லாமல் நாற்று: சேலத்துக்கு ஒரு வழி, ஏற்காட்டுக்கு ஒரு வழி

கேள்வி இதுதான்: "சேலம் அழகாபுரத்தில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஏற்காட்டில் மாமியார் வீட்டிலும் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஒவ்வொரு ஆடிக்கும் அறுபது எழுபது கருப்புப் பை வாங்கி விதை போடுகிறேன். நட்டதும் அத்தனையும் கிழிந்து குப்பைக்குப் போகிறது. போன வருடம் டீக்கடைக் காகிதக் கப்பில் போட்டேன், பாதி நாற்று அழுகிவிட்டது. பிளாஸ்டிக்கே இல்லாமல் நாற்று வளர்க்க முடியுமா?"

தாராளமாக முடியும். நான் அயோத்தியாப்பட்டணம் பக்கம் பல வருடமாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் புதுமை என்று எதுவும் இல்லை. பாலித்தீன் என்ற பொருளே 1933-ல்தான் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில். அப்படியென்றால் உங்கள் மாமியார் ஊரில் நூறு வருடத்துக்கு மேல் பை என்ற ஒன்று இல்லாமலேயே காப்பி நாற்று வளர்ந்திருக்கிறது.

பைக்குப் பதிலாக என்ன வைப்பது என்று தேடுவதற்கு முன்னால், எந்த விதைக்குத் தொட்டி வேண்டும், எதற்கு வேண்டவே வேண்டாம் என்று பிரித்துப் பாருங்கள். அறுபது பையில் நாற்பது அங்கேயே குறைந்துவிடும்.

வெண்டை, கொத்தவரை, அவரை, தட்டைப்பயறு, முள்ளங்கி, கேரட், பீட்ரூட், எல்லாக் கீரையும் நேராக நிற்க வேண்டிய இடத்திலேயே விதைக்க வேண்டியவை. வெண்டையைப் பையில் போட்டு எடுத்து நட்டால் ஆணிவேர் அடிபட்டு பத்து நாள் அப்படியே நிற்கும். அதே நாளில் நேராக ஊன்றிய விதை அதை எட்டிப் பிடித்துவிடும். முருங்கையும் அப்படித்தான்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நாற்று விட்டுத்தான் நட வேண்டும். ஆனால் இவற்றுக்குத் தனித்தனித் தொட்டி தேவையில்லை. ஒரே பாத்தியில் விதைத்து, வேரோடு பிடுங்கி நடலாம். நம் விவசாயிகள் காலம் காலமாகச் செய்வது இதைத்தான். பிடுங்கும்போது நுனிவேர் கொஞ்சம் அறுந்தால் பக்கவேர் கூடுதலாக விடும். தக்காளியைத் தண்டு வரை இறக்கி நட்டால் தண்டிலிருந்தும் வேர் விடும்.

மிச்சம் இருப்பது சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பூசணி, வெள்ளரி. வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும் ஜாதி. நேராக ஊன்றுவதுதான் இவற்றுக்கும் நல்லது. எலி, அணில், எறும்புத் தொல்லையால் முளையே தேறவில்லை என்றால் மட்டும் தனித் தொட்டியில் முளைக்க வையுங்கள். ஆக, தொட்டி என்று நாம் யோசிக்க வேண்டியது இந்தக் கொடிக் காய்களுக்கு மட்டும்தான்.

உங்கள் காகிதக் கப் ஏன் சொதப்பியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கப்பை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் நகத்தால் கீறிப் பாருங்கள். காகிதம் கூழாகி உரிந்து வரும். உள்ளே கண்ணாடி போல ஒரு மெல்லிய படலம் கப் வடிவத்திலேயே நிற்கும். அது பிளாஸ்டிக். அடியில் ஓட்டை போடாவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். ஓட்டை போட்டாலும் அந்தப் படலம் மக்காது, வேரும் துளைத்துப் போக முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் சேர்த்தி. இப்போது வரும் தொன்னைகளிலும் உள்ளே பளபளவென்று படலம் ஒட்டியவை உண்டு. உங்கள் கையில் கிடைக்கும் எதையும் இதே போல் ஊறப் போட்டுப் பார்த்த பிறகே விதைக்குப் பயன்படுத்துங்கள்.

சரி, தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு என்ன செய்வது? மாம்பழப் பெட்டி. நம்ம ஊரில் இதைவிடச் சுலபமான நாற்றங்கால் கிடையாது. மே, ஜூனில் மல்கோவாவும் குண்டுவும் இமாம்பசந்தும் வந்து இறங்கும்போது பழக்கடைகளில் மரப்பெட்டிகள் மிஞ்சும். கேட்டால் சும்மாவோ, கொஞ்சம் காசுக்கோ கொடுப்பார்கள். ஆனி முடிந்து ஆடிப்பட்டம் வருகிற நேரமும் அதுவே. பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் வடிகாலுக்குத் தனியாக ஓட்டை போட வேண்டாம். அடியில் இரண்டு தாள் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் நாலு அங்குலம் கலவையை நிரப்புங்கள். ஒரு பெட்டியில் மூன்று வரிசை தக்காளி, இரண்டு வரிசை கத்தரி, இரண்டு வரிசை மிளகாய் தாராளமாகப் போடலாம். ஒரு வீட்டுக்கு அது போதும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

விரலால் கோடு கிழித்து, அரை அங்குலத்துக்கு ஒரு விதை. நெருக்கமாகக் கொட்டாதீர்கள், நாற்று அழுகுவதற்கு முதல் காரணமே அந்த நெருக்கம். விதையின் கனத்தைப் போல இரண்டு மடங்கு மண் மூடினால் போதும். மேலே வைக்கோலோ ஈரச் சாக்கோ போட்டு மூடி, பூவாளியால் தெளியுங்கள். தக்காளி ஐந்தாறு நாளில் தலை காட்டும், கத்தரி ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும், மிளகாய் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். முதல் முளை தெரிந்த அன்றைக்கே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நூல் போல நீண்டுவிடும், அப்புறம் அது தேறவே தேறாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மிளகாயைத் தனிப்பெட்டியில் போடுவது வழக்கம், தக்காளிக்கும் அதற்கும் சாக்கு எடுக்கும் நாள் ஒத்து வராது.

எறும்பு மறந்துவிடக் கூடாத விஷயம். மாடியில் தக்காளி விதையையும் கத்தரி விதையையும் ஒரே ராத்திரியில் தூக்கிக்கொண்டு போய்விடும். பெட்டியைச் சுற்றி ஒரு பிடி அரிசி நொய்யைத் தூவி வையுங்கள். அதைச் சுமக்கும் வேலையில் விதைப் பக்கம் வராது. நாலைந்து நாள் இப்படித் தாக்குப் பிடித்தால் போதும்.

தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 40 நாள் வாக்கில் நடவுக்கு வரும். பிடுங்குவதற்கு மூன்று நாள் முன்னால் தண்ணீரைக் குறையுங்கள், தண்டு கெட்டிப்படும். பிடுங்கும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக நன்றாக நனைத்துவிட்டு, ஒரு குச்சியை அடியில் விட்டு நெம்பி மண்ணோடு எடுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது போல் தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. நடவு எப்போதும் சாயங்காலம்தான். மறுநாள் கொஞ்சம் வாடினாலும் பயப்படாதீர்கள், இரண்டு நாள் தென்னங்கீற்று நிழல் கொடுத்தால் நிமிர்ந்துவிடும்.

கொடிக் காய்களுக்கு வருகிறேன். நான் முயன்று பார்த்த எத்தனையோ தொட்டிகளில் மனதுக்குப் பிடித்தது பாக்கு மட்டை. வாழப்பாடி, பேளூர், ஆத்தூர்ப் பக்கம் பாக்குத் தோப்புகளில் தானாக விழுந்து கிடக்கும். தட்டு செய்கிறவர்கள் நல்ல மட்டையை எடுத்துக்கொண்டு, கிழிந்ததையும் குறுகலானதையும் ஒதுக்கி வைப்பார்கள். நமக்கு அந்த ஒதுக்கினதே போதும்.

காய்ந்த மட்டை பலகை மாதிரி இருக்கும், வளைத்தால் முறியும். ஒரு மணி நேரம் தண்ணீரில் அழுத்தி ஊற வையுங்கள். எடுக்கும்போது தோல் மாதிரி மெத்தென்று ஆகியிருக்கும். உள்பக்கம் வழுவழுவென்று வெளிர் நிறமாகவும், வெளிப்பக்கம் நரம்போடியும் இருக்கும். நரம்பு மடிந்து முறியாதபடி உருட்ட வேண்டும். நரம்பு மேலும் கீழுமாக நிற்கும்படி நாலு அங்குல உயரம், பத்து அங்குல நீளத்தில் ஒரு பட்டை வெட்டி, டம்ளரைச் சுற்றி உருட்டி, வழுவழுப்பான பக்கம் உள்ளே வரும்படி வாழை நாரால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். அடிப்பாகம் வேண்டாம், திறந்தே இருக்கட்டும். காய்ந்ததும் அந்த உருளை வடிவத்திலேயே இறுகிவிடும். மணல் பரப்பிய தட்டில் நெருக்கமாக நிற்க வைத்து, உள்ளே கலவையை அழுத்தி நிரப்பி, விதையைப் படுக்க வைத்து முக்கால் அங்குலம் ஆழத்தில் ஊன்றுங்கள். நடும்போது நாரை அறுத்தால் மட்டை பூ விரிகிற மாதிரி விரியும், மண்கட்டி உடையாமல் அப்படியே குழிக்குள் இறங்கும். கழற்றிய மட்டையைக் காய வைத்தால் அடுத்த பட்டத்துக்கும் ஆகும். சேர்த்துப் புதைத்துவிடாதீர்கள், அது மக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வேர் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.

கொட்டாங்குச்சி எல்லா வீட்டிலும் இருக்கிறது. கண் உள்ள பாதியை எடுத்து, மிருதுவான அந்த ஒரு கண்ணை ஆணியால் குத்தித் திறந்தால் வடிகால் தயார். ஆழம் குறைவு என்பதால் பன்னிரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதையும் மண்ணில் புதைக்கக் கூடாது, கவிழ்த்து நாற்றை எடுத்துவிட்டுக் கழுவி வைத்தால் நாலைந்து வருடம் உழைக்கும்.

செய்தித்தாள் தொட்டியை எல்லோரும் சொல்வார்கள். செய்வதும் சுலபம். ஆறு அங்குல அகலத்தில் நீளமாகக் கிழித்து, டம்ளரில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அங்குலத்தை உள்ளே மடித்து, தரையில் வைத்து அழுத்தினால் ஆயிற்று. வழவழப்பான வண்ணத்தாள் வேண்டாம். இது மட்டும்தான் அப்படியே புதைக்கத் தோதானது. ஆனால் மண்ணுக்கு மேல் ஒரு துண்டு காகிதம்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அது விளக்குத் திரி மாதிரி ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். விளிம்பைக் கிழித்துவிட்டு நடுங்கள்.

இப்படி ஈரம் காய்ந்து போவதுதான் சேலத்தில் நமக்கு உண்மையான எதிரி. பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பிடித்து வைக்கும். காகிதம், மட்டை, மண்சட்டி எல்லாம் பக்கவாட்டிலும் மூச்சு விடும். 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்கிற மாதத்தில்தான் நாம் நாற்று விடுகிறோம். ஒரு வருடம் நாற்பது காகிதத் தொட்டிகளை மொட்டை மாடித் தரையில் தனித்தனியாக, அழகாக இடைவெளி விட்டு அடுக்கி வைத்தேன். காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று மணிக்கு வந்து பார்த்தால் பீர்க்கு நாற்று முழுக்கத் தலை தொங்கிக் கிடந்தது. பாதியைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து தொட்டிகளுக்கு நடுவே இடைவெளி விடுவதே இல்லை.

எண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டி, ஓரத்தைச் சுத்தியால் மடித்துவிட்டு (கை வெட்டிவிடும், கவனம்), அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, இரண்டு அங்குலம் ஆற்று மணலோ எம்-சாண்டோ பரப்புங்கள். அதன் மேல் தொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கி வைத்து, தண்ணீரை மணலில் ஊற்றுங்கள். தொட்டி அடியிலிருந்து தேவையான அளவு உறிஞ்சிக்கொள்ளும். மேல் மண் எப்போதும் சொதசொதவென்று இல்லாமல் இருப்பதால் அழுகலும் குறையும். காலை வெயில் படட்டும், பதினோரு மணிக்கு மேல் நிழல் வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இந்த ஒரு மாதத்துக்காவது காவிரித் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ ஊற்றுங்கள். மண்சட்டி ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தால் உங்கள் தண்ணீரில் உப்பு அதிகம் என்று அர்த்தம்.

கலவைக்கு நான் செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு என்று எடுத்துச் சலித்துக்கொள்வேன். நார்க்கழிவைக் கட்டியாக வாங்கி அப்படியே உடைத்துப் போடக் கூடாது. தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்தால் டீ டிக்காஷன் நிறத்தில் இறங்கும். அதில்தான் உப்பு இருக்கிறது. நிறம் வெளிறும் வரை மூன்று தடவையாவது அலசுங்கள். ஒரு தடவை, அலசியாகிவிட்டது என்று கடையில் சொன்னதை நம்பி அப்படியே போட்டு, கத்தரி நாற்று முழுக்க இலை ஓரம் கருகியது. இப்போது யார் சொன்னாலும் நானே ஒரு முறை அலசிப் பார்க்காமல் விடுவதில்லை. வேப்பம்புண்ணாக்கை விதைக் கலவையில் சேர்க்காதீர்கள், நடும் குழியில் போட்டுக்கொள்ளலாம். ஈரத்தில் அது சூடேறி இளம் வேரைப் பொசுக்கும்.

அழுகலுக்கு இன்னொரு காவல் உண்டு. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, பழுப்பாகி, நாற்று படுத்துவிடும். உங்களுக்குப் போன வருடம் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். மண்ணில் இருக்கும் பூஞ்சணம் ஈரம் தேங்கினால் இந்த வேலையைச் செய்கிறது. சூடோமோனாஸ் பொடி (பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பாக்டீரியா) ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்பது கணக்கு, நம் வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை. ஆறிய கஞ்சித் தண்ணீரில் குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதையுங்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள், உரக்கடைகளிலும் கிடைக்கும்.

முட்டை ஓட்டில் நாற்று வளர்க்கும் படங்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ஒரு ஓட்டில் கொஞ்சம் மண்தான் பிடிக்கும், சீக்கிரமே வேர் சுருண்டுவிடும். 'மக்கும் பை' என்று விற்பதையும் நான் வாங்குவதில்லை. அவற்றில் பல, பெரிய அளவில் உரம் தயாரிக்கும் ஆலையில் 60 டிகிரி வாக்கில் சூடு கொடுத்தால்தான் மக்கும். நம் தோட்ட மண்ணில் அந்தச் சூடு கிடையாது. அழுத்திச் செய்த நார்ச்சட்டி பரவாயில்லை, ஆனால் காய்ந்தால் சுவர் கல்லாகிவிடும், நடும்போது இரண்டு பக்கமும் கிழித்துவிட வேண்டும். அதற்குக் கொடுக்கும் காசுக்குப் பாக்கு மட்டை மேல்.

ஏற்காட்டுக்கு இதில் பாதி பொருந்தாது. சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் மேலே, ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. அங்கே நாற்று காய்ந்து சாவதில்லை, நனைந்து சாகிறது. மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் காகிதத் தொட்டி நாலே நாளில் கூழாகி, வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். நாகலூரில் இருக்கும் எங்கள் அக்கா மூங்கில் துண்டைத்தான் வைத்திருக்கிறாள். கணு இல்லாத பாகத்தை நாலு அங்குலமாக அறுத்து, நெடுக இரண்டாகப் பிளந்து, திரும்பச் சேர்த்துக் கட்டிவிடுவாள். நடும்போது கட்டை அவிழ்த்தால் இரண்டு பாதியும் தனியாக வரும். அடி திறந்திருப்பதால் தண்ணீர் நிற்காது. கூரை ஓரத்தில், நத்தை ஏறாதபடி பெஞ்சு மேல் வைத்திருப்பாள். வருடக்கணக்காக அதே துண்டுகள்தான்.

தக்காளி, மிளகாய் விதை அந்தக் குளிரில் முளைக்க ரொம்ப யோசிக்கும். மிளகாய்க்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். உங்களுக்கு இரண்டு இடமும் இருப்பது பெரிய வசதி. நாற்றைச் சேலத்து மாம்பழப் பெட்டியிலேயே வளர்த்து, பிடுங்கின கையோடு வேரை ஈரச் சாக்கில் சுற்றி, மேலே வாழை இலையால் பொதிந்து எடுத்துப் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டிச் சாயங்காலம் நட்டால் மறுநாள் காலையில் பனியிலேயே பிடித்துக்கொள்ளும். பீன்ஸ், கேரட், பீட்ரூட் அங்கே நேர் விதைப்பு. சௌசௌவுக்கு விதையைத் தேடவே வேண்டாம், முளை விட்ட முழுக் காயைச் சாய்த்துப் பாதி புதைத்தால் போதும். அந்தக் காய்தான் அதற்குத் தொட்டியும் உரமும்.

திரும்பி வரும்போது மாமியார் வீட்டுச் சில்வர் ஓக் மரத்தடியில் மக்கிய இலைமண் ஒரு பை எடுத்து வாருங்கள். சலித்து, கலவையில் தொழு உரத்தில் பாதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். சொந்த இடத்தில் மட்டும், காட்டுக்குள் போய் எடுக்கக் கூடாது.

ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் கருப்புப் பைகளையும் குழித்தட்டுகளையும் இந்த ஆடிக்கே தூக்கிப் போட வேண்டாம். கழுவி வெயிலில் காய வைத்து, கிழிகிற வரை பயன்படுத்துங்கள், புதிதாக வாங்காமல் இருந்தால் போதும். பையைக் கிழிக்காமல் நாற்றை எடுக்க, முதல் நாள் தண்ணீர் விடாமல் இருந்து, பையைப் பக்கவாட்டில் உருட்டி அமுக்கிவிட்டுக் கவிழ்த்தால் மண்கட்டி நழுவி வரும்.

ஆடி பிறக்க மூன்று வாரம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். முதலில் நார்க்கழிவை ஊறப் போடுங்கள். மாம்பழ சீசன் முடிவதற்குள் பெட்டிக்குச் சொல்லி வையுங்கள், கடைசி வாரத்தில் போனால் அடுப்புக்குப் போயிருக்கும்.